அரைப் பேர்

முகில்மலை நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் தரம் என்ற சொல்லை எழுதாத சுவர் ஒன்றுகூடக் கிடையாது. நுழைவாயில் வளைவில் ‘தரமே எங்கள் முகவரி’. உணவுக்கூடத்தில் சாம்பார் அண்டாவுக்கு நேர்மேலே ‘தரத்தில் சமரசம் இல்லை’. கழிப்பறைக் கதவில் ‘தரம் நம் கையில்’ என்று ஒட்டியிருந்ததை மட்டும், அதற்குக் கீழே மாணவர்கள் பேனாவால் எழுதிய மறுமொழியைப் படித்துவிட்டுக் கிழித்துப்போட்டார்கள்.

ஏற்காடு ஏரியைத் தாண்டி மஞ்சக்குட்டைக்குப் போகிற சாலையில், நொடித்துப்போன காபி எஸ்டேட் ஒன்றை வாங்கி ஏழு ஆண்டுக்கு முன் எழுப்பிய பல்கலைக்கழகம் அது. காபிச் செடிகளைப் பிடுங்கியவர்கள், விளம்பரப் படத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று சில்வர் ஓக் மரங்களை விட்டுவைத்தார்கள். தொள்ளாயிரம் பேர் படித்தார்கள். ஐந்தே ஆண்டில் அதை ஐயாயிரம் ஆக்குவது, அதுவும் தரம் இம்மியும் குறையாமல் ஆக்குவது என்று போன ஆனி மாதம் நிர்வாகக் குழு தீர்மானித்தது. திட்டத்தின் பெயர் ‘சிகரம் 2030’. துணைவேந்தர் டாக்டர் சத்யராஜ் அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சியை நோக்கிக் கையை நீட்டுவார். அவர் அறையில் அந்தத் திசையில் ஏசி மாட்டியிருந்தது. மார்கழியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஏசியில் உட்காருகிற ஒரே ஆள் மலைமேல் அவர்தான்.

ஐயாயிரம் பேரைச் சேர்க்க அனுமதி வேண்டும். அனுமதிக்கு ‘ஏ’ கிரேடு வேண்டும். கிரேடு கொடுக்கிற மதிப்பீட்டுக் குழு மூன்று நாள் தங்கிப் பார்க்கும். அது பார்ப்பதற்கு ஆசிரியர்கள் வேண்டும். இங்கேதான் இடித்தது. ஏட்டில் அறுபத்திரண்டு ஆசிரியர்கள் இருந்தார்கள். மலைமேல் இருபத்தொரு பேர் இருந்தார்கள். மற்ற நாற்பத்தொரு பேரும் தங்கள் டாக்டர் பட்டத்தை மட்டும் மேலே அனுப்பிவைத்துவிட்டு, சேலத்திலும் நாமக்கல்லிலும் வேறு வேறு கல்லூரிகளில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இருபத்தொரு பேரில் ஒருத்தி நிலோஃபர். ஏட்டின்படி ஆங்கிலத் துறையில் நான்கு பேர், மூவர் டாக்டர்கள். அந்த மூவரையும் நிலோஃபர் அடையாள அட்டைப் படத்தில் பார்த்திருக்கிறாள். நால்வரின் பாடத்தையும் அவளே நடத்தினாள். முதலாண்டில் நூற்று நாற்பது பேருக்கு வகுப்பறை போதாமல், காலைப் பலகாரம் முடிந்து மேசை துடைத்தபின் உணவுக்கூடத்தில் வகுப்பு. ஒவ்வொருவரும் வாரம் ஒரு பக்கம் சொந்தமாக எழுதித் தரவேண்டும். நூற்று நாற்பது பக்கத்தையும் சிவப்பு மையில் திருத்தித் திங்கட்கிழமை திருப்பிக் கொடுப்பாள். வாழப்பாடியிலிருந்து வந்த தீபிகா முதல் வாரம் மூன்று வரி எழுதினாள், மூன்றிலும் வினைச்சொல் இல்லை. ஆறாம் மாதம் விடுதிச் சாப்பாட்டைப் பற்றி இரண்டு பக்கத்துக்குப் பிழையில்லாத ஆங்கிலத்தில் புகார் எழுதினாள். புகாரைப் படித்துப் புரிந்துகொள்ள விடுதிக் காப்பாளருக்கு ஒரு வாரம் ஆனது. அந்தப் பல்கலைக்கழகத்தில் தரம் என்று கையால் தொட்டுக் காட்டக்கூடியது அநேகமாக அந்த இரண்டு பக்கம்தான்.

நிலோஃபர் ஏழு ஆண்டாகத் தற்காலிகம். ஒவ்வொரு ஜூன் மாதமும் பதினோரு மாதத்துக்கு ஒரு தாள் கொடுப்பார்கள். நிரந்தர ஆணை ஒன்று அவள் பெயருக்குத் தட்டச்சாகிக் கையெழுத்தும் ஆகி, துணைவேந்தரின் மேசை டிராயரில் இருந்தது. தேதி மட்டும் போடவில்லை. ஆவணியில் அவளைக் கூப்பிட்டு அதை எடுத்துக் காட்டினார். கிரேடு வந்த மறுநாள் தேதி போட்டுவிடலாம், அதுவரைக்கும் குழு வருகிற வேலையை அவளே முன்னின்று பார்க்க வேண்டும் என்றார். அவள் பார்த்தாள். நாற்பது பாடங்களைக் கேமரா முன்னால் நடத்திப் பதிவுசெய்து கொடுக்கச் சொன்னார்கள். கணினிவழிக் கல்விக்குத் தனி மதிப்பெண் உண்டாம். அதையும் செய்தாள். ஏரிக்கரையில் மிளகும் காபித்தூளும் தைலமும் விற்கிற அவள் அத்தா ரஹமத்துல்லா, கடை சாத்தும் நேரத்தில் தினமும் ஒரே கேள்வியைக் கேட்டார். “ஆர்டர் வந்துருச்சா கண்ணு?” சுற்றுலா வருகிறவர்களிடம், என் பொண்ணு யுனிவர்சிட்டியில் புரொபசர் என்று அவர் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தார். சொன்ன சொல்லுக்குப் பின்னால் ஒரு தாள் வந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

எஸ்டேட் கைமாறியபோது பங்களா, கிணறு, இரண்டு நாய்கள் ஆகியவற்றோடு ரைட்டர் குழந்தைவேலும் சேர்ந்து கைமாறினார். எஸ்டேட்டில் ரைட்டர் என்றால் செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டை எழுதுகிறவர். காலை ஏழரைக்கு ஆட்களை நிறுத்திப் பேர் போடுவது அவர் வேலை. முழுநாளும் இருந்தால் முழுப் பேர். மதியத்தோடு கிளம்பினால் அரைப் பேர். ஆளே இல்லையென்றால் அந்தக் கட்டத்தில் ‘வரலை’ என்று எழுதுவார். 1991இலிருந்து எழுதுகிறார். கண்ணால் பார்க்காமல் ஒரு பேரும் போட்டதில்லை. சொந்த மச்சினனுக்கு அரைப் பேர் போட்டுவிட்டு, இரண்டு வருடம் அந்த ஊட்டுப் பக்கம் போக முடியாமல் இருந்த மனிதர்.

காபி போனபின் பேர் போடுவதை நிறுத்தச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை. தொடரச் சொல்லியும் சொல்லவில்லை. அவர் பாட்டுக்கு வாட்ச்மேன் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று, உள்ளே வருகிறவர்களுக்குப் பேர் போட்டுவந்தார். அலுவலகத்தில் கேட்டு ஆசிரியர்கள் அறுபத்திரண்டு பேரின் பட்டியலையும் வாங்கி, வரிசை பிசகாமல் ஏற்றியிருந்தார். பேராசிரியர், பஸ் டிரைவர், பாத்திரம் கழுவுகிறவர், எல்லாரும் அவருக்கு ஆள்தான். பத்து மணி வகுப்பை முடித்துப் பதினொன்றரை பஸ்ஸில் அடிவாரம் இறங்கிவிடுகிற பொருளாதாரத் துறைத் தலைவர் ஏழு ஆண்டாக அரைப் பேர். அது அவருக்குத் தெரியாது.

ஆவணிக் கடைசியில் பெங்களூரிலிருந்து ஆஷ்லின் வந்தாள். உருமாற்ற ஆலோசகர் என்பது பதவி. நாற்பத்தொரு பேர் விஷயத்தில் அவள் அதிரவில்லை. மூன்று நாளைக்கு இரண்டு பஸ் வைத்து அவர்களை மேலே கொண்டுவந்தால் போதும் என்றாள். அவளுக்குக் கவலை, கலை இலக்கியம் என்ற தலைப்பில் பல்கலைக்கழகத்துக்குப் பூஜ்யம் மதிப்பெண் என்பதுதான். அப்படிக் கவலைப்பட்டுக்கொண்டே ஊழியர் பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டுபோன விரல் ஓரிடத்தில் நின்றது. கே. குழந்தைவேல், ரைட்டர், 1991 முதல்.

பெரிய பல்கலைக்கழகங்களில் இதற்கென்றே ஓர் இடம் உண்டாம். ஓர் எழுத்தாளரை வளாகத்திலேயே தங்கவைத்து, ஆங்கிலத் துறையில் பேராசிரியர் அந்தஸ்து கொடுத்து எழுதச் சொல்வார்களாம். “முப்பத்தி நாலு வருஷமா ஒரு ரைட்டரை வெச்சிருக்கீங்க சார். வெப்சைட்ல ஒரு வரி இல்லையே” என்றாள் ஆஷ்லின், உண்மையான வருத்தத்தோடு.

துணைவேந்தர் ஒரு கணம் ஏசியைப் பார்த்தார். அப்புறம், அவர் விளம்பரம் விரும்பாதவர் என்றார்.

நிலோஃபர் அறையில்தான் இருந்தாள். ஆஷ்லின் அவள் பக்கம் திரும்பி, உங்கள் துறைதானே, அவரைத் தெரியுமா, என்ன மாதிரி எழுதுவார் என்று கேட்டாள். துணைவேந்தரின் கை மேசை டிராயரின் கைப்பிடிமேல் போய் உட்கார்ந்தது. திறக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தது.

“ஆட்களைப் பத்தி எழுதுவாருங்க” என்றாள் நிலோஃபர்.

ஆஷ்லின் அதை ‘எளிய மக்களின் வாழ்வைப் பதிவுசெய்யும் யதார்த்தவாதி’ என்று தட்டச்சு செய்துகொண்டாள். தான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்று நிலோஃபர் படி இறங்கும்போது இரண்டு முறை நினைத்துக்கொண்டாள். இரண்டாவது முறை நினைக்கவேண்டி வந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை.

நான்காம் நாள் குழந்தைவேல் ஒரு கடிதத்தோடு உணவுக்கூட வாசலில் வந்து நின்றார். “ஏனுங்க மேடம், இதுல என்னைய என்னமோ புரொபசர்னு போட்டிருக்குதுங்களாமா. நான் ரைட்டர்தானுங்களே?”

“ரைட்டர்னுதாங்க போட்டிருக்காங்க.”

“அப்பச் சரிங்க” என்று திரும்பியவர், ஏதோ இடித்ததுபோல நேராகத் துணைவேந்தரிடம் போய்விட்டார். தான் வெறும் ரைட்டர், அதற்குமேல் ஒன்றும் தெரியாது என்று சொல்லிப்பார்த்தார். கூட இருந்த ஆஷ்லினிடம் துணைவேந்தர், பெரிய எழுத்தாளர்களின் அடக்கம் இப்படித்தான் இருக்கும் என்றார். அவள் அதையும் தட்டச்சு செய்துகொண்டாள். பிறகு துணைவேந்தர் தனியாகக் குழந்தைவேலிடம், மூன்று நாள் ஜிப்பா போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் போதும், கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும், பொய் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை என்றார். பொய் இல்லை என்றதும் குழந்தைவேல் ஒப்புக்கொண்டார்.

கார்த்திகையில் குழு வந்தது. தலைவர் வடக்கே எங்கோ மூன்று முறை துணைவேந்தராக இருந்து ஓய்வுபெற்றவர். எதைக் காட்டினாலும் அதில் வேதாந்தம் பார்க்கக்கூடியவர். ஆய்வகத்தில் காலிக் குடுவையைக் காட்டினார்கள், சூன்யம் என்று சொல்லித் தலையாட்டினார். மற்ற இருவர், தலைவர் தலையாட்டினால் ஆட்டினார்கள். மூவருக்கும் தமிழ் தெரியாது.

இரண்டாம் நாள் காலை கருத்தரங்கக் கூடத்தில் எழுத்தாளரோடு சந்திப்பு. இரண்டு பஸ்ஸில் வந்திறங்கிய நாற்பத்தொரு பேரும் பின்வரிசைகளில் அடையாள அட்டை மாட்டி உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் குழந்தைவேல், விரைத்த ஜிப்பாவில். அவருக்கு முன்னால் முப்பத்துநான்கு செக்ரோல்கள், வருடவாரியாக. எழுதியதை எல்லாம் கொண்டுவரச் சொன்னார்கள், அவர் கொண்டுவந்துவிட்டார். பக்கத்தில் மொழிபெயர்க்க நிலோஃபர்.

முப்பத்துநான்கு தொகுதிகளா என்று தலைவர் எழுந்து நின்றுவிட்டார். அப்புறம் உட்கார்ந்து, இவை எதைப் பற்றியவை என்று கேட்டார்.

“ஆரு வந்தாங்க, ஆரு வரலீங்கறதுதானுங்க” என்றார் குழந்தைவேல்.

நிலோஃபர் அதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் வைத்தாள். இருப்பைப் பற்றியது, இல்லாமையைப் பற்றியது என்று போய்ச் சேர்ந்தது. தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். மற்ற இருவரும் சற்று யோசித்து மூடிக்கொண்டார்கள்.

ஒரு பக்கம் வாசிக்க முடியுமா என்று கேட்டார்கள். துணைவேந்தர் பழைய தொகுதி ஏதாவது வாசிக்கலாமே என்று இழுத்தார். தலைவர் புதியதுதான் வேண்டும், ஓர் எழுத்தாளன் கடைசியாக எங்கே வந்து சேர்ந்திருக்கிறான் என்பதே முக்கியம் என்றார். குழந்தைவேல் இந்த ஆண்டு செக்ரோலை விரித்துக் கண்ணாடியை மாட்டினார்.

“ஆடி பத்தொன்பது, திங்கக்கெழமை. டாக்டர் ஜீவானந்தம், கெமிஸ்ட்ரி, வரலை. டாக்டர் ரஞ்சித், பிசிக்ஸ், வரலை. டாக்டர் திவ்யா, கணக்கு, வரலை. டாக்டர் ஹாரிஸ், காமர்ஸ், வரலை. நிலோஃபர் மேடம், இங்கிலீசு, முழுப் பேரு. டாக்டர் இன்பமேரி, இங்கிலீசு, வரலை. எக்கனாமிக்ஸ் தலைவரு, அரைப் பேரு…”

மனிதர் ராகம் போடவில்லை, ஏற்ற இறக்கம் இல்லை. காலை ஏழரை மணிக்கு மழையில் நின்று கூப்பிடுகிற அதே குரல். பெயர் வர வர, பின்வரிசையில் ஒவ்வொருவராகத் தங்கள் ஷூவைக் குனிந்து பார்த்தார்கள். ஹாரிஸ் மட்டும் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கி இறக்கினார். நிலோஃபர் ஒவ்வொரு வரியையும் சரியாகவே மொழிபெயர்த்தாள். இதற்குமேல் உடைத்துச் சொல்ல யாராலும் முடியாது. யாராவது இப்போது எழுந்து, இது என்ன என்று கேட்டுவிடுவார்கள் என்று அவள் பயந்தாள். கேட்கட்டும் என்றும் ஒரு பக்கம் இருந்தது.

தலைவர்தான் எழுந்தார். இங்கே உட்கார்ந்திருப்பவர்கள் பெயர்தானே இவை என்று கேட்டார். ஆமாம் என்றாள். துணைவேந்தரின் ஸ்வெட்டருக்குள் வியர்த்தது.

இவர்கள் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள், கவிஞரோ இவர்கள் வரவில்லை என்கிறார் என்றார் தலைவர். உடம்பு வந்துவிட்டது, மனம் வந்ததா என்று கேட்கிறார். உயர்கல்வியைப் பற்றி இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நாற்பது ஆண்டில் நான் கேட்டதில்லை. இதை அனுமதிக்கிற நிர்வாகத்தின் துணிச்சலை என்னவென்று சொல்வது. அரைப் பேர் என்றால் என்ன?

“பாதியில எந்திரிச்சுப் போறவங்களுக்குப் போடறதுங்க.”

மொழிபெயர்ப்பைக் கேட்டுத் தலைவர் கைக்குட்டையை எடுத்தார். கைதட்டல் தொடங்கியது. நாற்பத்தொரு பேரும் எழுந்து நின்று தட்டினார்கள்; தங்களுக்கு இவ்வளவு பொருத்தமாக யாரும் எதுவும் எழுதியதில்லை.

தையில் கிரேடு வந்தது. ‘ஏ’ கேட்ட இடத்தில் ‘ஏ பிளஸ்’. வளாகத்தின் இலக்கியச் சூழலை அறிக்கை தனிப் பத்தியில் பாராட்டியிருந்தது. நிர்வாகக் குழு கூடி, வளர்ச்சிக்கேற்ப இடங்களைச் சீரமைத்தது. ஆங்கிலத் துறைக்கு அனுமதித்த இடம் நான்கு. ஏட்டில் இப்போது ஐந்து பேர். மூவர் டாக்டர்கள். ஒருவர் மதிப்பீட்டுக் குழுவே கொண்டாடிய எழுத்தாளர். அவரை எடுத்தால் கிரேடு ஆடும். மிச்சம் நிலோஃபர். தினமும் வருவது என்பது தகுதிப் பட்டியலில் எந்தக் கட்டத்திலும் இல்லை. பாடம் என்ன ஆகும் என்று யாரோ கேட்டார்களாம். நாற்பது பாடம் பதிவாகி இருக்கிறதே, ஐயாயிரம் பேர் வந்தாலும் திரை ஒன்றே போதும், தரம் எல்லாருக்கும் ஒரே அளவாக இருக்கும் என்று ஆஷ்லின் விளக்கினாள்.

துணைவேந்தர் நிலோஃபரைக் கூப்பிட்டுத் தாமே சொன்னார். நிர்வாகக் குழு சொன்னதைத் தட்ட முடியவில்லை, நொம்ப வருத்தம் என்றார். டிராயரைத் திறக்கவில்லை. அந்த ஆணை இன்னும் தேதி இல்லாமல் அங்கேதான் இருக்க வேண்டும். இன்னொருவருக்குக் காட்ட உதவும், பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

குழந்தைவேல் விஷயம் தெரிந்து துணைவேந்தரிடம் போய், அந்த இடம் எனக்கு வேண்டாம், மேடத்துக்கே கொடுங்கள் என்றார். ‘சிகரம் 2030’ இல் அவர் பெயர் ஏறிவிட்டது, இரண்டாயிரத்து முப்பது வரைக்கும் இறங்க முடியாது என்று அனுப்பிவிட்டார்கள்.

மாசியில் ஒரு நாள் மாலை அவர் ஏரிக்கரைக் கடைக்கு வந்தார். கக்கத்தில் செக்ரோல். ரஹமத்துல்லா மிளகு நிறுத்துக்கொண்டிருந்தார், தலையை நிமிர்த்தவில்லை.

“வாங்க புரொபசர்” என்றார்.

குழந்தைவேல் அதை வாங்கிக்கொண்டு, காட்டிய ஸ்டூலில் உட்காராமல் நின்றார். நிலோஃபர் உள்ளேயிருந்து தைலப் புட்டிகளைத் துடைத்தபடி வந்தாள்.

“ஒரு சந்தேகமுங்க மேடம். உங்களக் கேக்காம எழுத முடியலீங்க.” செக்ரோலை விரித்தார். “காலைல ஒம்பதரைக்குச் சாப்பாட்டு ஹால்ல உங்க குரல் கேக்குதுங்க. எட்டிப் பார்த்தா தெரையில நிக்கறீங்க. எல்லா வருசத்துப் புள்ளைகளும் நானூறு பேரு ஒண்ணா உக்காந்திருக்குதுங்க. ஆனா கேட்டு வழியா நீங்க வரலீங்க. வரலைன்னு எழுதலாம்னா பாடம் நடக்குதுங்களே. பேரு போடலாம்னா ஆளைக் காணோமுங்க. முப்பத்திநாலு வருசத்துல இப்படி ஒரு ஆளு எனக்கு வந்ததில்லீங்க.”

அவள் கையிலிருந்த புட்டியின் மூடியைத் துடைத்தாள். பிறகு, யாராவது கேள்வி கேட்கிறார்களா என்றாள்.

“தீபிகாக் கண்ணு ஒரு நாள் எந்திரிச்சு என்னமோ கேட்டுச்சுங்க. நீங்க பாட்டுக்குச் சொல்லிட்டே போயிட்டீங்க.”

“உக்காந்துருச்சா?”

“உக்காந்துருச்சுங்க.”

நிலோஃபர் கையிலிருந்த புட்டியை அலமாரியில் வைத்தாள். “அரைப் பேர் போடுங்க ரைட்டரய்யா.”

அவர் தலையாட்டினார். ஏற்கெனவே பென்சிலில் அப்படித்தான் போட்டுவைத்திருந்தார். பேனாவை எடுத்து, தை மாதக் கடைசியிலிருந்து அன்றுவரை ஒவ்வொரு கட்டமாக அதன்மேல் மை ஏற்றினார். அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்துக் கட்டை விரலால் ஒற்றும்போது கேட்டாள்.

“ஆவணியில அந்த பெங்களூர் மேடம், நீங்க என்ன எழுதுவீங்கன்னு எங்கிட்டக் கேட்டாங்க. அன்னிக்கு எனக்கு என்ன போட்டிருக்கீங்க?”

பக்கங்களைத் திருப்பித் தேடி எடுத்தார். “முழுப் பேருங்க.”

“அதையும் அரையாக்கிடுங்க.”

“போட்டதைத் திருத்தக் கூடாதுங்க மேடம்” என்று செக்ரோலை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மஞ்சக்குட்டை ஜீப் நிறைந்துவிட்டதென்று ஆரன் அடித்தது. அவர் போனார்.

மிளகு வாங்க வந்த பெண்மணி, இங்கே மேலே ஏதோ பெரிய யுனிவர்சிட்டி இருக்கிறதாமே, பெண்ணைச் சேர்க்கலாமா, படிப்பு நன்றாக இருக்குமா என்று கேட்டாள். ரஹமத்துல்லா பொட்டலத்தை நூல் சுற்றி முடித்தார்.

“ஏ பிளஸ்ஸுங்க” என்றார்.